விளிம்பைப் பார்

பூலா நகரத்து ரோமானிய அரங்குக்கு அடியில் ஒரு நீண்ட நிலவறை இருக்கிறது. மேலே மோதல்கள் நடந்த காலத்தில் விலங்குகளையும் வீரர்களையும் வெளியே கொண்டுவரப் பயன்பட்ட அந்தச் சுரங்கக் கூடத்தில், இன்று ஆலிவ் பிழியும் கல்செக்குகளையும் சுட்டமண் ஜாடிகளையும் வரிசையாகக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குரொவேஷியாவின் வடமேற்கு ஓரத்தில் ஏட்ரியாடிக் கடலுக்குள் இறங்கி நிற்கும் இஸ்த்ரியத் தீபகற்பத்துக்கு ஓர் அக்டோபர் மாதத்தில் நான் போனதற்கு முதற்காரணம் அந்த ஜாடிகள்தாம். கடற்கரையும் உணவும் ஒயினும் அவற்றுக்குப் பின்னால் வந்து சேர்ந்து, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாதபடி மனத்தில் கலந்துவிட்டன.

இதற்கு வேர் புதுச்சேரியில் இருக்கிறது. 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறையான அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தின. அப்போது எனக்குப் பத்து வயது. அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்த என் அப்பா, விடுமுறை நாளொன்றில் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அரியாங்குப்பம் ஆற்றங்கரைத் தோப்புக்கு அழைத்துப் போனார். குழிகளுக்கு அருகே கோணிகளின் மேல் பானை ஓடுகள் காய்ந்துகொண்டிருந்தன. "உடம்பு எல்லாப் பானைக்கும் ஒண்ணுதாம்மா. எந்த ஊர்ப் பானைன்னு சொல்றது விளிம்புதான். விளிம்பைப் பார்" என்றார். அந்த ஓடுகளில் எது எங்கிருந்து வந்தது என்று அன்று அவருக்கும் தெரியாது. முன்பு நடந்த அகழாய்வுகளில் கிடைத்த ஆம்போரா என்னும் இருகைப்பிடி ஜாடிகளின் துண்டுகளைப் பின்னாளில் ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர், கிரேக்கத் தீவுகளின் ஒயின் ஜாடிகளோடு, ஏட்ரியாடிக்கின் வடகோடியிலுள்ள இஸ்த்ரியாவின் ஆலிவ் எண்ணெய் ஜாடிகளும் அவற்றுள் இருப்பதை அடையாளம் கண்டு சொன்னார். சங்கப் பாட்டில் வரும் யவனத் தேறல் நமக்குப் பழக்கமான செய்தி. யவன எண்ணெய் அப்படியன்று. எள்ளும் தேங்காயும் விளைகிற மண்ணில் ஆலிவ் எண்ணெயை வாங்க யார் இருந்திருப்பார்கள்? தங்கள் ஊர்ச் சமையலை விட மனமில்லாமல் அங்கேயே தங்கி வாழ்ந்த மேற்கத்திய வணிகர்களுக்காக அது வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊரைவிட்டு வெகுதூரம் வந்த ஒருவர் தம் வீட்டு எண்ணெயின் வாசனைக்கு ஏங்கியது எனக்கு மிக நன்றாகப் புரிகிறது.

மியூனிக்கில் வேலை பார்க்கும் என் தம்பி காரோட்ட, ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து, ஸ்லோவேனியா வழியாகத் தீபகற்பத்துக்குள் இறங்கினோம். குரொவேஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டதால் எல்லையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அதே நாளில் யூரோவும் வந்துவிட்டது. இஸ்த்ரியா ஏட்ரியாடிக்கின் மிகப் பெரிய தீபகற்பம். அதன் பெரும்பகுதி குரொவேஷியாவில் இருக்கிறது. வடக்கில் ஒரு பட்டை ஸ்லோவேனியாவுக்கும் ஒரு சிறு மூலை இத்தாலிக்கும் சேர்ந்தவை. மேற்குக் கரையோரம் சுண்ணாம்புக்கல் மக்கிப்போன செம்மண், நடுவில் சாம்பல் நிறக் களிமண், வடகிழக்கில் வெள்ளைப் பாறை மலைகள். அந்த ஊர்க்காரர்களே சிவப்பு இஸ்த்ரியா, சாம்பல் இஸ்த்ரியா, வெள்ளை இஸ்த்ரியா என்று தம் நிலத்தை மண்ணின் நிறத்தால் பிரித்துச் சொல்கிறார்கள். எங்கே ஆலிவ் நன்றாக வரும், எங்கே திராட்சை மணக்கும், எங்கே மண்ணுக்கடியில் ட்ரஃபிள் என்னும் பூஞ்சை கிடைக்கும் என்பதெல்லாம் இந்தப் பிரிவிலேயே அடங்கிவிடுகிறது.

பூலா அரங்கைப் பற்றி எழுதாமல் கடந்துவிட முடியாது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வடிவம் பெற்ற நீள்வட்டக் கட்டடம் அது. நீளம் சுமார் 132 மீட்டர், அகலம் 105 மீட்டர், கடலை நோக்கிய பக்கத்தில் உயரம் 32 மீட்டருக்கு மேல். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருக்கக்கூடும். ரோம் நகரக் கொலோசியத்தில் புறச்சுவரின் ஒரு பகுதிதான் முழு உயரத்துக்கு நிற்கிறது. பூலாவில் சுற்றுச்சுவர் முழுவதும், நான்கு படிக்கட்டுக் கோபுரங்களோடு அப்படியே நிற்கிறது. உள்ளே இருந்த கல் இருக்கைகளைத்தான் நூற்றாண்டுகளாக வீடு கட்டுவோர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1583இல் வெனிஸ் செனட்டில், இந்த அரங்கைக் கல் கல்லாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றி வெனிஸில் மறுபடி நிறுத்தலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அதை எதிர்த்துத் தடுத்தவர் கேப்ரியேலே எமோ என்ற செனட்டர். அவருக்கு நன்றி சொல்லும் கல்வெட்டு ஒன்று கோபுரத்துச் சுவரில் பதிந்திருக்கிறது. நான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். கட்டியவர்களுக்குச் சிலை வைப்பது எங்கும் நடப்பது; இடிக்காமல் காத்தவருக்கு ஓர் ஊர் கல்லில் நன்றி எழுதியிருப்பதை நான் அதிகம் கண்டதில்லை.

அரங்கிலிருந்து சிறிது தூரம் நடந்தால் செர்ஜி குடும்பத்தின் வளைவு வருகிறது. கி.மு. 29க்கும் 27க்கும் இடையில் எழுப்பப்பட்டது. ரோமானியரின் ஆக்டியம் கடற்போரில் பங்கெடுத்த லூசியஸ் செர்ஜியஸ் லெபிடஸ் உட்பட அக்குடும்பத்தின் மூன்று ஆண்களின் நினைவாக நிற்கும் அந்த வளைவில், அதைக் கட்டியது சால்வியா போஸ்தூமா என்ற பெண் என்றும், தன் சொந்தப் பணத்தில் கட்டினாள் என்றும் லத்தீனில் வெட்டியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண், செலவு தன்னுடையது என்பதைக் கல்லில் சொல்லிவைத்தாள். அந்த வரியை எனக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சைக் கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தபோது, யாரோ தெரிந்தவர் கையெழுத்தைப் பார்த்ததுபோல் இருந்தது.

நிலவறையில் நான் தேடிய ஜாடிகள் இருந்தன. இடுப்பளவு உயரம், கத்தரிக்காயைப்போல் கீழே குறுகும் உடல், கழுத்தருகே இரண்டு கைப்பிடிகள், சிறு கிண்ணத்தைக் கவிழ்க்காமல் வைத்ததுபோல் விரிந்த வாய். அந்த வாயின் விளிம்பில்தான் உற்பத்தியாளரின் முத்திரையைக் குத்துவார்கள். பூலாவுக்கு வடக்கே எட்டு கிலோமீட்டரில் உள்ள ஃபஜானா என்னும் மீனவ ஊரில் லேகானியஸ் பாசஸ் குடும்பத்துக்கு மிகப் பெரிய ஜாடிச் சூளை இருந்தது. அக்குடும்பத்தில் ஒருவர் கி.பி. 64இல் ரோமின் கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவியில் இருந்தவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் எண்ணெய் அந்தச் சூளை ஜாடிகளில் நிரம்பி, வட இத்தாலிக்கும், ஆல்ப்ஸைக் கடந்து டான்யூப் ஆற்றங்கரைப் படைமுகாம்களுக்கும் போனது. சில ஜாடிகள் எகிப்துக்கும், செங்கடல் துறைக்கும், அங்கிருந்து பருவக்காற்றைப் பிடித்து நம் கரைக்கும் வந்திருக்க வேண்டும். விளிம்புகளை மட்டும் முப்பது படம் எடுத்தேன். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் அவனும் வளர்ந்தவன்.

ஃபஜானாவிலிருந்து படகில் கால்மணி நேரத்தில் ப்ரியூனித் தீவுகள். சிறிதும் பெரிதுமாகப் பதினான்கு. 1983 முதல் தேசியப் பூங்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவை மலேரியா பிடித்த புதர்க்காடுகளாகக் கிடந்தன. பவுல் குபெல்வீசர் என்ற ஆஸ்திரியத் தொழிலதிபர் 1893இல் அவற்றை வாங்கி, பிறகு ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞரை வரவழைத்து மலேரியாவை ஒழித்து உல்லாசத் தலமாக்கினார். பின்னர் அது யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவின் கோடை வாசஸ்தலமாயிற்று. 1956 ஜூலையில் நேருவும் எகிப்தின் நாசரும் டிட்டோவும் அங்கே சந்தித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அணிசேரா இயக்கத்தின் முன்னோடிச் சந்திப்புகளில் அது ஒன்று. இந்திரா காந்தி டிட்டோவுக்கு அளித்த இரண்டு யானைகளின் பெயர்கள் ஸோனி, லங்கா. ஸோனி 2010இல் இறந்துவிட்டது. ஏட்ரியாடிக் தீவொன்றில் ஒற்றையாக நிற்கும் ஆசிய யானையைப் பார்ப்பது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. யானை கூட்டத்தில் வாழும் உயிர் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

அந்தத் தீவில் என்னைக் கட்டிப்போட்டது ஓர் ஆலிவ் மரம். வயது ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அடிமரம் எப்போதோ பிளந்து இரண்டு மூன்று தண்டுகளாகச் சாய்ந்து, சில இடங்களில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் மேலே இலை வெள்ளிப்பச்சையாக மினுங்குகிறது, காயும் காய்க்கிறது, இன்றும் அதிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். ரோமப் பேரரசு சரிந்துகொண்டிருந்தபோது துளிர்த்த மரம் அது. பைசாந்தியமும் பிராங்குகளும் வெனிஸும் ஆஸ்திரியாவும் இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் வந்துபோனதை அது பார்த்துவிட்டது.

இஸ்த்ரியாவின் வரலாற்றை அழகிய கட்டடங்களின் வரலாறாக மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். 1797 வரை கரையோரம் வெனிஸின் கையில் இருந்தது. பிறகு 1918 வரை பெரும்பாலும் ஆஸ்திரியா, அதன்பின் இத்தாலி. முசோலினி ஆட்சியில் ஸ்லாவிய மக்களின் பள்ளிகள் மூடப்பட்டன, குடும்பப் பெயர்கள்கூட இத்தாலியமாக மாற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பழிவாங்கல் திரும்பி வந்தது. கொல்லப்பட்ட பலரின் உடல்கள் சுண்ணாம்புக்கல் பிளவுகளில் வீசப்பட்டன. 1947இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி நிலம் யூகோஸ்லாவியாவுக்குப் போனபோது, பூலாவின் இத்தாலிய மக்களில் மிகப் பெரும்பாலோர் ஊரைவிட்டே வெளியேறினார்கள். தோஸ்கானா என்ற கப்பல் நடைநடையாக வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. 1910இல் பிறந்து தன் வீட்டுத் திண்ணையைவிட்டு அசையாத ஒரு கிழவி, 1991க்குள் ஆஸ்திரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா, குரொவேஷியா என நான்கு நாடுகளின் குடிமகளாகியிருப்பாள். இன்று பல ஊர்களில் பெயர்ப்பலகை குரொவேஷியத்திலும் இத்தாலியத்திலும் சேர்ந்தே இருக்கிறது: பூலா/போலா, ரொவீன்/ரொவீன்யோ, போரெச்/பரென்ஸோ. தெருப்பெயர் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய ஊரில் வளர்ந்தவளுக்கு அந்தப் பலகைகளின் பின்னால் எத்தனை பேருடைய கதை இருக்கும் என்று நினைக்காமல் நடக்க முடியவில்லை.

போரெச்சில் ஆறாம் நூற்றாண்டின் யூஃப்ரேசியப் பேராலயம் இருக்கிறது. 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பொன்னிறக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கருவறை வளைவில், தான் கட்டிய கோயிலின் சிறு வடிவத்தைக் கையில் ஏந்தி ஆயர் யூஃப்ரேசியஸ் நிற்கிறார். அதற்குக் கீழே மரியாளும் எலிசபெத்தும் சந்திக்கும் காட்சி. இருவரும் நிறைசூலிகள், வயிறு தெளிவாகத் தெரிகிறது. அவர்களுக்குப் பின்னால், வாசல் திரையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு ஒரு வேலைக்காரப் பெண் எட்டிப் பார்க்கிறாள். யாரோ ஒரு கைவினைஞர் அவளையும் விட்டுவிடாமல் கல் கல்லாகப் பதித்திருக்கிறார். ரொவீன் அழகிய ஊர்தான். 1763இல் கால்வாயைத் தூர்க்கும்வரை தீவாக இருந்தது. புனித யூஃபீமியா ஆலயக் கோபுரத்தின் உச்சியில் உள்ள செப்புச்சிலை காற்றோடு திரும்புவதைப் பார்த்து மீனவர்கள் வானிலையைக் கணிப்பார்கள். ஆயினும் என் மனம் போரெச்சில் திரைக்குப் பின்னால் நின்ற பெண்ணிடமே திரும்பத் திரும்பப் போயிற்று.

கடற்கரை என்றதும் நம் மனத்தில் எழும் மணல்வெளியை இஸ்த்ரியாவில் எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் கூழாங்கல், இல்லாவிட்டால் தட்டையான பாறை. பைன் மரங்கள் நீரின் ஓரம்வரை வந்து நிழல் தருகின்றன. மணல் கலக்காததால் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது. பத்தடி ஆழத்தில் கிடக்கும் கல்லின் வரி தெரிகிறது. தென்கோடியில் உள்ள கமென்யாக் முனை பாதுகாக்கப்பட்ட பகுதி, அதனால் விடுதிகள் எழும்பவில்லை. செம்மண் பாதை, முட்புதர், மூலிகை வாசனை, கீழே வெட்டிவிட்டதுபோல் வெள்ளைப் பாறைகள். அக்டோபரில் கூட்டமில்லை, நீர் குளிர்ந்திருந்தாலும் இறங்க முடிந்தது. இப்படிப்பட்ட கரையில் ரப்பர் செருப்பு இல்லாமல் நீரில் இறங்கக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். தம்பி கேட்கவில்லை.

"அக்கா, குத்திடுச்சு" என்று அவன் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடல்முள்ளெலி. குதிகாலில் ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகள்; ஊசியால் தொட்டால் முள் பொடிந்து உள்ளேயே போயிற்று. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். அவன் நொண்டி வருவதைப் பார்த்ததும் ஒரு வார்த்தையும் கேட்காமல் உள்ளே போய், கண்ணாடிப் புட்டியில் பச்சை எண்ணெய் கொண்டுவந்தார். நாற்காலியில் அவனை உட்காரவைத்து, குதிகாலில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, பழைய துணியால் சுற்றி, காலையில் அவிழ்க்கச் சைகை காட்டினார். மறுநாள் தோல் மென்மையாகியிருந்தது. இருபுறமும் அழுத்த, முட்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கால் வெடிப்புக்கும் காதுவலிக்கும் வயிற்றுச்சூட்டுக்கும் நல்லெண்ணெயை எடுக்கும் எங்கள் பாட்டியின் கையை எனக்கு அது நினைவூட்டியது. அங்கே எண்ணெய் சமையலறைப் பொருள் மட்டும் அன்று.

உட்பகுதி மலையூர்களுக்குப் போனால் சமையல் மாறிவிடுகிறது. கடலோரத்தில் ஃபஜானா மத்தி, லிம் கால்வாயில் வளர்க்கும் சிப்பி. மேலே போனால் பன்றித் தொடையைப் புகை போடாமல், பூரா என்னும் வாடைக்காற்றில் மாதக்கணக்கில் உலர்த்திய ப்ரஷூட், பயறும் காயும் போட்ட கெட்டிச் சாறான மனெஸ்த்ரா, மாவுச் சதுரத்தை விரலால் மடித்துச் சுருட்டும் ஃபூஜி. சாப்பாட்டுக் கடையைக் கொனோபா என்கிறார்கள். மொடொவுன் குன்றின் அடிவாரத்தில் மிர்னா ஆற்றோரக் காடு இருக்கிறது. வெனிஸ் தன் கப்பல்களுக்காகப் பொத்திப் பாதுகாத்த ஓக் காடு. வெள்ளை ட்ரஃபிள் அந்த மரங்களின் வேரோடு ஒட்டி மண்ணுக்கடியில் வளரும் பூஞ்சை. நாய்களைப் பழக்கி, மோப்பம் பிடிக்கவைத்துத் தோண்டுகிறார்கள். 1999இல் ஜான்கார்லோ ஜிகாந்தேயும் டயானா என்ற அவருடைய நாயும் கண்டெடுத்த 1.31 கிலோ ட்ரஃபிள் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. எங்களுக்கு வெண்ணெயில் புரட்டிய ஃபூஜியின் மேல் ட்ரஃபிளைத் தாள்போல் சீவிப் போட்டார்கள். மழைக்குப்பின் கிளறிய மண், பூண்டு, பழைய தேன் மூன்றும் கலந்ததுபோல் ஒரு வாசனை எழுந்தது. நாக்கைவிட மூக்குக்கே அதில் பங்கு அதிகம். விலைக்குத் தகுந்ததா என்றால், ஒருமுறை ஆம் என்பேன்.

ஒயினைப் பொறுத்தவரை இஸ்த்ரியா இரண்டு திராட்சைகளின் நாடு. வெள்ளைக்கு மல்வாசியா, சிவப்புக்குத் தெரான். மல்வாசியாவில் வேலமரப் பூவை ஒத்த ஒரு மணமும், விழுங்கிய பின் வாதுமைப் பருப்பின் மெல்லிய கசப்பும் உண்டு. செம்மண்ணில் விளைந்தது கனமாகவும், சாம்பல் மண்ணில் விளைந்தது மெல்லியதாகவும் இருந்தன. ஒரே திராட்சைதானா என்று ஐயம் வந்தது. தெரான் கருநாவல் நிறம், புளிப்பு, நாவில் இரும்பின் சுவை. போரெச்சில் 1875 முதல் திராட்சைக்கும் ஆலிவுக்கும் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1902 முதல் 1935 வரை த்ரியெஸ்தேயிலிருந்து போரெச்வரை 123 கிலோமீட்டர் ஓடிய பரென்ஸானா என்ற, அகலம் குறைந்த இருப்புப்பாதை இந்த மலையூர்களின் ஒயினையும் எண்ணெயையும் சுமந்தது. தண்டவாளம் போனபின் இன்று அது சைக்கிள் பாதை.

ஒரு மழைநாள் மாலையில் வீட்டுக்காரம்மா எங்களுக்கு ஸூபா செய்து கொடுத்தார். புகலேட்டா என்னும் மண்குவளையில் தெரானைச் சூடாக்கி ஊற்றி, சர்க்கரை, மிளகுத்தூள், ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் சேர்த்து, தணலில் வாட்டிய ரொட்டியை அதில் அமுக்கிவைத்தார். குவளை ஒன்றுதான், கைமாறிக் கைமாறிச் சுற்றிவந்தது. ஒயினும் எண்ணெயும் ஒரே பாத்திரத்தில் சேரும் என்று நான் நினைத்ததே இல்லை. வாயில் முதலில் இனிப்பு, அடுத்து புளிப்பு, கடைசியில் மிளகும் எண்ணெயும் சேர்ந்து தொண்டையில் ஒரு கதகதப்பு.

கிளம்புவதற்கு முதல்நாள் வொத்ன்யான் என்ற ஊருக்கு அருகே ஓர் எண்ணெய்ச் செக்குக்குப் போனோம். அறுவடை தொடங்கியிருந்தது. பறித்த காய்களைப் பெட்டிகளில் கொண்டுவந்து அன்றன்றே அரைத்துவிடுகிறார்கள், தேங்கினால் புளித்துவிடும். கல்செக்கு இப்போது வாசலில் அலங்காரத்துக்கு நிற்கிறது, உள்ளே எஃகு இயந்திரம் அரைத்து, சுழற்றி, எண்ணெயைப் பிரிக்கிறது. குழாய் வாயிலிருந்து வந்த முதல் எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் பிடித்து, உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, உறிஞ்சிக் குடிக்கச் சொன்னார்கள். வெட்டிய புல்லின் வாசனை, நாவில் கசப்பு, விழுங்கியதும் தொண்டையில் மிளகைக் கடித்ததுபோல் எரிந்து இருமல் வந்தது. இருமினால் எண்ணெய் நல்லது என்று பொருள் என்றார் அங்கிருந்தவர். அரை லிட்டர் தகரப் புட்டி ஒன்றை வாங்கி, துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிவைத்தேன்.

புதுச்சேரிக்கு வந்த மறுநாள் காலை, இட்லித் தட்டின் ஓரத்தில் பொடி வைத்து, நல்லெண்ணெய்க்குப் பதில் அந்த எண்ணெயை அப்பாவுக்கு ஊற்றினேன். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரிவதில்லை. ஒரு வாய் எடுத்துவிட்டு இருமினார், தண்ணீர் குடித்தார், இரண்டாவது இட்லிக்கும் அதையே ஊற்றச் சொன்னார். பிறகு கைகழுவி வந்து படங்களைக் கேட்டார். ரொவீனின் மாலைக்கடலையும் மொடொவுன் குன்றையும் விரைவாகத் தள்ளிக்கொண்டே போனவர், நிலவறை ஜாடியில் நின்றார். பூதக்கண்ணாடியை எடுத்துத் திரைமேல் வைத்துப் பார்த்தார்.

"முத்திரை நிழல்ல விழுந்திருக்கேம்மா. பக்கவாட்டுல எடுத்தது இல்லியா?" என்றார்.

இருந்தது. அடுத்த படத்துக்கு நகர்த்தினேன்.